பாலிஷ் மெஷின் வாங்கலாமா: சுங்கை சிப்புட்டில் ஒரு கார் கழுவும் இடத்தின் கணக்கு

"மாமா, முன்னூத்து எம்பது வெள்ளிதான். மூணு மாசத்துல திருப்பிக் கொடுத்துருவேன்."

ஜூன் மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை. அக்கா மகன் கைப்பேசியை நீட்டிக்கொண்டு என் வீட்டு வாசலில் நின்றான். திரையில், கார் சாயத்தின் மேல் இருக்கும் கீறலைத் தேய்த்தெடுக்கும் ஒரு பாலிஷ் மெஷின். மலேசிய ரிங்கிட்டை இங்கே, பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில், நாங்கள் வெள்ளி என்றுதான் சொல்வோம். முன்னூற்று எண்பது வெள்ளி எனக்குக் கொடுக்க முடியாத தொகை இல்லை. ஆனால் தோட்டத்து ஆபிசில் 22 வருடம் கணக்கு எழுதிய கை, "சரி" என்று சொல்வதற்கு முன்னால் தாளைத் தேடியது. அன்று தொடங்கி மூன்று மாதம் நாங்கள் இருவரும் பார்த்ததையும் எண்ணியதையும், அதற்குப் பிறகு நடந்ததையும் இங்கே எழுதி வைக்கிறேன். நம் ஊர்ப் பிள்ளைகள் பலர் இதே கேள்வியோடு நிற்கிறார்கள். அவர்களுக்குப் பயன்படட்டும்.

அவனுக்கு 24 வயது. ஈப்போ பக்கம் ஒரு தொழிற்சாலையில் ஐந்து நாள் வேலை. மாலை ஐந்தரைக்கு வீடு திரும்பிவிடுவான். சனி, ஞாயிறுகளில் லிந்தாங் சாலைக்கு உள்ளே இருக்கும் தாமான் குடியிருப்பில், தன் வீட்டு முன்னால் கார் கழுவுகிறான். அக்காவும் அத்தானும் தோட்டத்து லயத்தை விட்டு வெளியே வந்தபோது வாங்கிய சின்ன வீடு அது. முன்பக்கம் தகரக் கூரை போட்டு இழுத்திருக்கிறார்கள். தண்ணீர் பீய்ச்சும் பம்ப், வேக்கூம், நாலு வாளி, ஒரு நீளக் குழாய். சின்னக் காருக்கு 12 வெள்ளி, பெரியதற்கு 15. ஒரு வார இறுதியில் சராசரியாக 14 கார் வரும். தொழிலைத் தன் பெயரிலேயே எஸ்எஸ்எம்மில், அதாவது தொழில் பதியும் அரசு ஆணையத்தில், பதிந்திருக்கிறான். சொந்தப் பெயர் என்றால் வருடத்துக்கு 30 வெள்ளி, கடைக்குத் தனிப் பெயர் வைத்தால் 60. அதை ஒழுங்காகச் செய்திருக்கிறான் என்று தெரிந்ததுமே எனக்கு அவன் மேல் பாதி நம்பிக்கை வந்துவிட்டது.

கீறல் எங்கிருந்து வருகிறது

மெஷினைப் பற்றிப் பேசுவதற்கு முன்னால் ஒரு சனிக்கிழமை முழுக்க நாற்காலி போட்டு உட்கார்ந்து அவன் கழுவுவதைப் பார்த்தேன். எங்கள் பக்கத்துக் கார்களில் ஏறுவது செம்மண். தோட்டத்துக்குள் போய் வரும் வண்டிகளின் கதவுக்குக் கீழே காய்ந்து அப்பிக்கிடக்கும். செம்பனைக் குலை ஏற்றிய லாரியின் பின்னால் பத்து நிமிடம் போனாலே கண்ணாடியில் மெல்லிய தூசிப் படலம் படிந்துவிடும்.

அவன் பம்பால் ஒரு தடவை பீய்ச்சினான். ஸ்பாஞ்சை ஒரே வாளியில் முக்கினான். கூரையிலிருந்து தொடங்கிக் கதவின் அடி வரைக்கும் தேய்த்து, திரும்ப அதே வாளியில் முக்கி, அடுத்த பக்கம் போனான். ஐந்தாவது கார் முடிந்ததும் வாளித் தண்ணீரைக் கொட்டச் சொல்லி அடியில் கையை விட்டேன். விரலில் மணல் நெறுநெறுத்தது. அவன் கையையும் பிடித்து உள்ளே விட்டேன். அவன் ஒன்றும் பேசவில்லை.

வெயிலில் கறுப்பு மைவி காரின் பானட்டைப் பார்த்தால் சூரியனைச் சுற்றிச் சிலந்தி வலை போல வட்ட வட்டமாகக் கீறல் தெரியும் அல்லவா, அதில் பெரும்பங்கு கழுவும்போதும் துடைக்கும்போதும் விழுவதுதான். மண் ஒட்டிய துணியால் சாயத்தின் மேல் இழுத்தால் கோடு விழாமல் என்ன செய்யும்? சனிக்கிழமை 12 வெள்ளி வாங்கிக் கீறலைப் போட்டுவிட்டு, அடுத்த மாதம் 150 வெள்ளி வாங்கி அதே கீறலை எடுப்பது நியாயமில்லை என்று அவனிடம் நேராகவே சொன்னேன். வாடிக்கையாளர் எல்லாரும் நமக்குத் தெரிந்த முகம். கோயிலில் பார்க்கிறோம், கல்யாணத்தில் பார்க்கிறோம்.

அதனால் முதல் நிபந்தனை கழுவும் முறையை மாற்றுவது. சோப்பு ஒரு வாளி, அலசுவது ஒரு வாளி. முதலில் நுரை அடித்து ஊறவைத்து, பம்பால் மண்ணை இறக்கிய பிறகுதான் கை படவேண்டும். ஸ்பாஞ்சுக்குப் பதில் மைக்ரோபைபர் கையுறை. கதவுக்குக் கீழ்ப்பகுதிக்குத் தனித் துணி. கீழே விழுந்த துணி அன்று முழுக்க மறுபடி காரைத் தொடக்கூடாது. இதற்கு ஆன செலவு 46 வெள்ளி. ஜூலை மாதம் முழுக்க இப்படியே கழுவினான். ஒரு காருக்கு ஏழெட்டு நிமிடம் கூடியது. மெஷின் வாங்காமலே அவன் வேலை மாறியது.

எந்த மெஷின்

இதில் அவனுக்கு ஒரு பயம் இருந்தது, காரணத்தோடு. அவனுடைய கூட்டாளி ஒருவன் இரவல் வாங்கிய ரோட்டரி மெஷினால் ஒரு வெள்ளை மைவியின் பானட் விளிம்பில் சாயத்தைச் சுட்டுவிட்டான். மடிப்பு வரும் இடத்தில் ஒரு விரல் நீளத்துக்குச் சாயம் போய் அடிப்பூச்சு சாம்பல் நிறத்தில் எட்டிப் பார்த்தது. மறு ஸ்ப்ரேக்கு அவன் கையிலிருந்து 350 வெள்ளி.

ரோட்டரி ஒரே அச்சில், ஒரே திசையில் சுற்றும். எவ்வளவு அழுத்தினாலும் நிற்காது. கைதேர்ந்தவனிடம் அது மிக வேகமான கருவி; புதியவனிடம் ஒரே இடத்தில் இரண்டு நொடி கூடுதலாக நின்றால் சூடு ஏறிவிடும். இரட்டைச் சுழற்சி மெஷின், கடைக்காரர்கள் டிஏ என்பது, வேறு மாதிரி. அதன் தட்டு தானும் சுற்றும், மையத்தை விட்டு விலகி ஒரு சின்ன வட்டமும் போடும். தட்டு தளர்வாகச் சுற்றுவதால், அளவு மீறி அழுத்தினாலோ சாய்த்துப் பிடித்தாலோ சுற்றுவதை நிறுத்திவிட்டு வெறுமனே அதிரும். வேலை நடக்காது, ஆனால் சாயம் சுடுவதும் சுலபத்தில் நடக்காது. கற்றுக்கொள்பவனுக்கு இதைவிட நல்ல குணம் ஒரு மெஷினுக்கு வேண்டியதில்லை.

மையத்தை விட்டு எவ்வளவு விலகிச் சுற்றுகிறது என்பதற்கு 8, 15, 21 மில்லிமீட்டர் என்று அளவுகள் உண்டு. 8 மில்லிமீட்டர் மெதுவாக வெட்டும், அதாவது சாயத்தை மெதுவாகத் தேய்த்தெடுக்கும். 21 பெரிய தட்டையான பானட்டுக்கு அருமை. எங்கள் ஊரில் வருவதெல்லாம் மைவி, அக்சியா, பெசா, சாகா. வளைவும் மடிப்புமான சின்ன உடம்புகள். ஐந்து அங்குலத் தட்டோடு 15 மில்லிமீட்டர் போதும் என்று முடிவுக்கு வந்தோம். பேட்டரி மெஷின் வேண்டாம் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஒரு காருக்கு நாலைந்து மணி நேரம் ஓடவேண்டிய வேலைக்கு இரண்டு மூன்று பேட்டரி வாங்கவேண்டி வரும்.

இணையத்தில் அவன் பார்த்த ஒரு மலிவான மெஷின் 110 வோல்ட். நம் வீட்டு மின்சாரம் 230. விளம்பரத்தின் கடைசி வரியில், சின்ன எழுத்தில்தான் அது இருந்தது.

என் விராவின் பானட்டில்

சொல்லிக் கேட்பது போதாது, கையால் செய்து பார்க்கவேண்டும். ஈப்போ போகும் சாலையில் ஸ்ப்ரே கடை வைத்திருக்கும் ஓர் அண்ணன் தன் பழைய டிஏ மெஷினையும் சாயத்தின் தடிமன் பார்க்கும் கருவியையும் ஒரு நாளைக்குக் கொடுத்தார். கொடுக்கும்போது, "தம்பி, இது சாயம் போடுற மெஷின் இல்ல, எடுக்குற மெஷின். அத மறக்காத" என்றார்.

சோதனைக்கு என் பச்சை விரா. பழைய வண்டி, கெட்டாலும் குடும்பத்துக்குள்தான். தொழிற்சாலையில் போட்ட சாயம் எல்லா அடுக்கும் சேர்ந்து பெரும்பாலும் 100 முதல் 150 மைக்ரான் இருக்கும். அதில் மேலே இருக்கும் நிறமில்லாத கிளியர் கோட் சுமார் 40, 50. தலைமுடி ஒன்றின் தடிமன் ஏறக்குறைய 70 மைக்ரான் என்பதை நினைத்துப் பார்த்தால், நாம் வேலை செய்யும் இடம் எவ்வளவு மெல்லியது என்று புரியும். கருவியை வைத்துப் பார்த்தோம். கதவில் 110. பானட்டில் 210; எனக்கு முன்னால் வைத்திருந்தவர் மறு ஸ்ப்ரே அடித்திருக்கிறார் என்பது அன்றுதான் தெரிந்தது. கூரையில் 90, அங்கங்கே கிளியர் கோட் பால் போல வெளுத்து உரியத் தொடங்கியிருந்தது. கூரையைத் தொடவே இல்லை. உரிந்த கிளியர் கோட்டை எந்த பாலிஷும் திருப்பிக் கொண்டுவராது, ஸ்ப்ரே கடைதான் வழி.

காலை பதினோரு மணிக்கு, முற்றத்தில் வைத்துத் தொடங்கினோம். அதுதான் அன்றைய முதல் பாடம். கழுவி, கார் சாயத்துக்கென்றே விற்கும் களிமண் கட்டியால் ஒட்டுப் பிசுக்கெல்லாம் எடுத்து, பானட்டின் நடுவில் டேப் ஒட்டிப் பாதியை மட்டும் எடுத்துக்கொண்டான். மெஷின் தட்டில் ஒட்டும் பஞ்சுப் பேடில் பயறு அளவு நாலு துளி காம்பவுண்டு, அதாவது சாயத்தைத் தேய்க்கும் பசை. மெஷின் ஓடிய ஒரு நிமிடத்தில் காம்பவுண்டு காய்ந்து மாவாகப் பறந்தது. பானட்டில் உள்ளங்கையை வைக்க முடியவில்லை, அவ்வளவு சூடு. துடைத்துப் பார்த்தால் கீறல் அப்படியே இருந்தது, கூடவே புகை படிந்த மாதிரி ஒரு மங்கல்.

விராவைத் தகரக் கூரைக்குக் கீழே நகர்த்தினோம். மூன்றரைக்கு வானம் இருண்டு, நாலு மணிக்கு நல்ல மழை. கழுவ வந்த இரண்டு கார்களும் திரும்பிப் போய்விட்டன. மழைச் சத்தத்தில் பேச்சு கேட்காது. அவன் பாட்டுக்கு வேலை செய்தான். பானட் குளிர்ந்திருந்தது. மெஷின் தட்டின் விளிம்பில் மார்க்கர் பேனாவால் ஒரு கறுப்புக் கோடு போட்டிருந்தோம், ஸ்ப்ரே கடை அண்ணன் சொல்லிக்கொடுத்த வேலை. கோடு மங்கலாகச் சுற்றிக்கொண்டே இருந்தால் தட்டு சுற்றுகிறது. கோடு ஒரே இடத்தில் நடுங்கினால் அழுத்தம் கூடிவிட்டது. முதல் பத்து நிமிடம் கோடு நின்று நின்றுதான் போனது. அவனுக்குத் தோளில் பலம், வேகமாக முடிக்கும் ஆசை. "கோட்டைப் பாரு, சாயத்தைப் பார்க்காதே" என்று கத்தினேன். கை தானாகவே இளகியது. மெஷினின் எடையே போதும், கை வழிகாட்டினால் சரி.

இரண்டு சாண் சதுரம். முதல் வேகத்தில் பரப்பி, நாலாவது வேகத்துக்கு ஏற்றி, நொடிக்கு ஓர் அங்குலம் என்று மெதுவாக, பாதிக்குப் பாதி மேலே படியும்படி, குறுக்கும் நெடுக்குமாக ஆறு தடவை. துடைத்தபின் ஆல்கஹாலைத் தண்ணீரில் கலந்து இன்னொரு முறை துடைத்தோம். காம்பவுண்டில் இருக்கும் எண்ணெய் கீறலை மூடிப் பொய் காட்டும். அது போன பிறகு தெரிவதுதான் உண்மை. டேப்பை உரித்துக் கைவிளக்கைப் பிடித்தான். டேப்புக்கு இந்தப் பக்கம் வலை வலையாகக் கீறல். அந்தப் பக்கம் விளக்கு ஒற்றைப் புள்ளியாக நின்றது, கூரைத் தகரத்தின் ஆணிகூடத் தெரிந்தது. நகம் தட்டும் ஆழத்தில் இருந்த இரண்டு கோடுகள் அப்படியே இருந்தன. அவற்றை விடு என்று சொன்னேன், அவனே அதற்கு முன்னால் மெஷினை நிறுத்தியிருந்தான்.

நோட்டுப் புத்தகம்

"எல்லாரும் கேக்குறாங்க மாமா" என்பான். எத்தனை பேர் என்று எண்ணச் சொல்லி ஜூலையிலேயே ஒரு நோட்டுக் கொடுத்திருந்தேன். அந்த மாதம் 56 கார். பாலிஷ் போடுவாயா என்று கேட்டவர்கள் 31. மைவிக்கு 150 வெள்ளி ஆகும் என்றதும் முகம் மாறாதவர்கள் 9. தேதி குறித்து 20 வெள்ளி முன்பணம் கொடுக்க ஒத்துக்கொண்டவர்கள் 4. நான் நாலைத்தான் எடுத்துக்கொண்டேன்.

அடுத்தது செலவு. அவன் கணக்கில் மெஷின் 380, அவ்வளவுதான். ஈப்போவில் ஒரு கடையில் 410; 30 வெள்ளி கூட, ஆனால் மெஷினுக்குள் இருக்கும் கார்பன் பிரஷ் தேய்ந்தால் அங்கேயே மாற்றித் தருவார்கள். தேயும் என்பது நிச்சயம், அதனால் கடையையே தேர்ந்தோம். பேட் நாலு 100, காம்பவுண்டும் கடைசிப் பளபளப்புக்கான பினிஷும் 90, மைக்ரோபைபர் துணி ஒரு டஜன் 40, களிமண் கட்டி 30, டேப் 10, தடித்த நீட்டிப்பு வயர் 40, விளக்கு 50. மொத்தம் 770. அவன் கேட்ட தொகையைப் போல இரண்டு மடங்கு. மெஷின் விலை மட்டும் பார்த்து இறங்கும் பிள்ளைகள் இந்த இடத்தில்தான் தடுக்கி விழுகிறார்கள். ஒரே பேடை வைத்து நாலு கார் ஓட்டுவார்கள், வேலை மங்கும், பெயர் கெடும்.

மின்சாரம் பெரிதில்லை. 900 வாட் மெஷின் நாலு மணி நேரம் ஓடினாலும் நாலு யூனிட்டைத் தொடாது.

இப்போது வரவு. 150 வெள்ளியில் பொருள் தேய்மானம் 20 போனால் 130. ஆனால் கழுவி, களிமண் தேய்த்து, பாலிஷ் போட்டு, மெழுகு பூச ஆறு மணி நேரம் ஆகிறது. அந்த ஆறு மணி நேரத்தில் அவன் ஏழு கார் கழுவியிருப்பான், ஏறக்குறைய 80 வெள்ளி. ஆக, சனிக்கிழமை பட்டப்பகலில் பாலிஷ் போட்டால் உண்மையில் கூடுவது 50 வெள்ளிதான். 770 திரும்பி வர 16 கார். மாதம் நாலு என்றால் நாலு மாதம், அதுவும் நாலு பேரும் சொன்னபடி வந்தால்.

இந்த இடத்தில் நான் வேண்டாம் என்று சொல்லும் நிலைக்கு வந்துவிட்டேன். அவன்தான் விரா பானட்டை ஞாபகப்படுத்தினான். "மாமா, மழையில ஒருத்தரும் காடி கழுவ மாட்டாங்க. அந்த நேரம் எனக்குச் சும்மாதானே?"

சரியான கேள்வி. பேராக்கில் அக்டோபர், நவம்பர் மாதங்களில் பிற்பகல் மழை தவறாது, ஏப்ரல், மே மாதங்களிலும் அப்படித்தான். அந்த நேரத்தில் அவன் பம்பை மூடிவிட்டுக் கைப்பேசி பார்த்துக்கொண்டிருப்பான். மழை நேரத்திலும், வேலை நாள் மாலைகளை இரண்டாகப் பிரித்தும் பாலிஷ் செய்தால் இழக்கும் கழுவல் எதுவும் இல்லை. அப்போது 130 முழுசாகக் கையில் நிற்கும், 770க்கு ஆறு கார் போதும். மெஷின், பேட், விலை எதுவும் மாறவில்லை. நேரம் மாறியது, விடை மாறிவிட்டது.

மழையில் மின்சாரக் கருவி என்பதால் இரண்டு விஷயத்தில் நான் விட்டுக்கொடுக்கவில்லை. வயர் தரையில் கிடக்கக்கூடாது, கூரைக் குழாயில் கொக்கி போட்டு மேலே தொங்கவேண்டும். வீட்டு மெயின் பெட்டியில், மின்சாரம் கசிந்தால் இணைப்பை நிறுத்தும் கசிவு துண்டிப்பானின் சோதனைப் பொத்தானை ஆள் வைத்து அழுத்திப் பார்த்து, வேலை செய்கிறது என்று தெரிந்த பிறகுதான் மெஷின் வீட்டுக்கு வந்தது.

வாங்கிய பிறகு

செப்டம்பர் நடுவில் வாங்கினோம். நான் 500, அவன் 270. டிசம்பர் கடைசி வரை 11 கார். ஏழு, மழையிலும் வேலை நாள் மாலையிலும். நாலு, தீபாவளிக்கு முந்தின வாரங்களில் கழுவும் நேரத்தையே தின்றன. அப்போது மறுக்க முடியவில்லை. ஏழுக்கு 910, நாலுக்கு 200, கூட்டி 1,110. போட்ட முதல் திரும்பி வந்துவிட்டது, என் 500ம் வந்துவிட்டது.

எல்லாம் சீராகப் போகவில்லை. இரண்டாவது காரில் கறுப்பு பிளாஸ்டிக் ஓரங்களுக்கு டேப் ஒட்ட மறந்துவிட்டான். காம்பவுண்டு ஏறி வெள்ளை வெள்ளையாய்ப் படிந்தது, பல் துலக்கும் பிரஷ் வைத்து ஒரு மணி நேரம் தேய்த்து எடுத்தான். இன்னொரு காரின் பம்பர் மறு ஸ்ப்ரே. சாயம் மெத்தென்று இருந்ததால் வெட்டும் பேடுக்கே மங்கிவிட்டது, மென்மையான பேடால் திரும்பச் செய்ய இன்னும் இரண்டு மணி நேரம். அதிலிருந்து ஒவ்வொரு காரிலும் முதலில் ஒரு சாண் இடத்தில் மென்மையான பேடால் தொடங்கிப் பார்க்கிறான். அது போதாவிட்டால்தான் அடுத்தது.

பழைய சிவப்பு சாகா ஒன்று வந்தது. துணியில் ஒரு துளி காம்பவுண்டு வைத்துத் தேய்த்ததும் துணி சிவந்தது. கிளியர் கோட் இல்லாத ஒற்றைச் சாயம், கூரையில் அடிப்பூச்சு ஏற்கெனவே நிழலாகத் தெரிந்தது. வண்டிக்காரப் பெரியவர் தைப்பூசத்துக்கு ஈப்போ கல்லுமலைக் கோயிலுக்கு அதில்தான் குடும்பத்தோடு போகவேண்டும், பளபளப்பாக்கித் தா என்றார். அவன் மெஷினை எடுக்கவில்லை. "ஐயா, இதுல எடுக்கறதுக்குச் சாயம் இல்ல" என்று துணியைக் காட்டிவிட்டு, நன்றாகக் கழுவி, கையால் மெழுகு பூசி, 30 வெள்ளி வாங்கிக்கொண்டான். 150 கிடைத்திருக்கும். இந்த ஒன்றைச் சொல்லும்போது எனக்கு இன்னமும் மனசு நிறைகிறது.

இப்போது மூன்று அங்குலச் சின்ன மெஷின் ஒன்று வேண்டும் என்கிறான். கதவுப் பிடிக்குக் கீழும் தூண் ஓரங்களிலும் பெரிய தட்டு நுழைவதில்லை, கையால் தேய்க்க ஒரு காருக்கு நாற்பது நிமிடம் போகிறதாம். நான் ஒன்றும் சொல்லவில்லை. நோட்டில் புதுப் பக்கம் திருப்பி, எந்தெந்தக் காரில் எத்தனை நிமிடம் என்று அவனே கோடு போட்டு எழுத ஆரம்பித்திருக்கிறான். இதுவரை மூன்று கார் ஏறியிருக்கிறது.